சுவரைப் பார்த்தால் வேலை தெரியும்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் இதயத்தின் நான்கு அறைகளையும் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விடயத்தையே சுற்றி நின்றன: வெறுங்கண்ணுக்கு எட்டாத அளவில் இதயமும் குருதிக்குழாய்களும் நிணநீர்க்குழாய்களும் எதனால் ஆனவை? நீண்ட காலம் வன்னியில் உயர்தர உயிரியல் கற்பித்த எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. இடம்பெயர்வுகளில் எங்கள் ஆய்வுகூடத்து வழுக்கிப் பெட்டிகள் எல்லாம் போய்விட்டன. பின்னர் பழைய மாணவர் ஒருவர் கொண்டுவந்து தந்த ஒரே ஒரு பெட்டி இப்போது என் மேசையில் இருக்கிறது. கீழே "பார்த்தால் தெரியும்" என்று நான் எழுதும் இடங்களில் பெரும்பாலானவை அந்தக் கண்ணாடித் தகடுகளில் நான் பார்த்தவை. இடம் கருதிக் கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: பாடநூற் படத்தில் இதயத்தசையின் குறுக்கே "இடைபுகுந்த தட்டு" என்று ஒரு கறுப்புக் கோடு போட்டிருக்கிறார்கள். அது உண்மையில் என்ன? இதயம் களைக்காமல் இருப்பதற்கு அதுதான் காரணமா? (உயர்தர மாணவி, கிளிநொச்சி)

பதில்: நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்விகள், மகள். பலரும் அவற்றை ஒன்றாகக் கலந்து எழுதிப் புள்ளிகளை இழக்கிறார்கள்.

ஈமற்றொக்சிலின், இயோசின் என்ற இரு சாயங்களும் ஏற்றிய இதயத்தசைத் துண்டை 400 மடங்கு உருப்பெருக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலில் இளஞ்சிவப்பாக ஒரு பரப்பு மட்டுமே தெரியும். குவியத்தை மெல்லத் திருத்தினால் அந்தப் பரப்பு நார்களாகப் பிரியும். நார்கள் கிளைவிட்டு அடுத்த நாரோடு சேர்வது தெரியும். ஒவ்வொரு கலத்தின் நடுவிலும் நீல ஊதா நிறத்தில் பெரும்பாலும் ஒரு கருவே இருக்கும். எலும்போடு இணைந்த வன்கூட்டுத் தசையில் பல கருக்கள் நாரின் ஓரத்தில் ஒதுங்கி நிற்கும். செய்முறைப் பரீட்சையில் இரண்டையும் பிரித்தறிய இதைவிட நம்பகமான அடையாளம் இல்லை. ஒளியைச் சற்றுக் குறைத்தால் நாருக்குக் குறுக்கே மிக மெல்லிய வரிகளும், அவற்றுக்கிடையே அங்கொன்றும் இங்கொன்றுமாக அழுத்தமான கோடுகளும் புலப்படும். அந்தக் கோடுகள் நேராக ஓடாமல் படிக்கட்டுப் போல ஏறி இறங்கும். அவைதான் இடைபுகுந்த தட்டுகள்.

ஒரு கலம் முடிந்து அடுத்த கலம் தொடங்கும் எல்லை அது. 1950களில் இலத்திரன் நுணுக்குக்காட்டி வந்து தெளிவாக்கும்வரை, இதயத்தசை முழுவதும் எல்லைகளே அற்ற ஒரே தொடர்ச்சியான பொருள் என்று கருதியவர்கள் பலர். படிக்கட்டு வடிவத்துக்கும் காரணம் இருக்கிறது. படியின் குறுக்குப் பகுதியில் இரு கலங்களையும் இறுகக் கவ்விப் பிடிக்கும் டெஸ்மோசோம்களும், சுருங்கும் இழைகள் வந்து பற்றிக்கொள்ளும் பட்டைகளும் உள்ளன; ஒவ்வொரு துடிப்பிலும் இழுவிசை முழுவதும் அங்கேதான் விழுகிறது. படியின் நீளவாட்டுப் பகுதி அந்த இழுவைக்குச் சமாந்தரமாகக் கிடப்பதால் அங்கே விசை குறைவு. ஒரு கலத்திலிருந்து அடுத்த கலத்துக்கு மின்னேற்றமுள்ள அயன்கள் பாயும் நுண்வாயில்களான இடைவெளிச் சந்திகள் பெருமளவில் அந்தப் பாதுகாப்பான பக்கத்தில்தான் அமைந்திருக்கின்றன. பிடிப்பதற்கு ஓரிடம், பேசுவதற்கு ஓரிடம். கோடிக்கணக்கான கலங்கள் ஒரே தசைபோலச் சுருங்குவது இந்த ஏற்பாட்டினால்தான்.

களைக்காமைக்குக் காரணம் வேறு. இதயத்தசைக் கலத்தின் கனவளவில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கை, ஒட்சிசனைக் கொண்டு சக்தியை உண்டாக்கும் இழைமணிகளே நிரப்பியிருக்கின்றன. ஒவ்வொரு நாரின் அருகிலும் ஒரு மயிர்த்துளைக் குழாய் என்று சொல்லத்தக்க அளவுக்குக் குருதி ஊட்டமும் உண்டு. குறுக்கு வெட்டுமுகத்தைப் பார்த்தால் நார்களுக்கிடையே செங்குழியங்கள் ஒவ்வொன்றாகச் சிக்கி நிற்பது தெரியும். அத்துடன், ஒருமுறை சுருங்கிய கலம் தளரும்வரை அடுத்த தூண்டலை ஏற்காது. ஆகவே கைத்தசை போல இடைவிடாத இறுக்கத்துக்குள் போக இதயத்தசையால் முடியாது. துடிப்புக்குத் துடிப்பு ஓய்வு அதற்குக் கட்டாயம். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஓர் இலட்சம் துடிப்புகளை இந்த ஓய்வுகளே தாங்குகின்றன. ஆனால் ஒட்சிசன் நின்றால் கைத்தசை போலச் சமாளிக்க இயலாது. இதயத்தசைக்கே குருதி தரும் முடியுரு நாடி அடைபட்ட சிறிது நேரத்திலேயே அந்தப் பகுதி பழுதடையத் தொடங்குவது அதனால்தான்.

கேள்வி: ஆட்டிதயத்தை வெட்டும்போது உட்புறம் கண்ணாடி போல மினுங்குகிறது. இடப்பக்க அறையில் குறுக்கே ஒரு வெள்ளை நூல் ஓடுகிறது. அது நரம்பா? (இல்லத்தரசி, மாங்குளம்)

பதில்: உங்கள் கண் கூர்மையானது, அம்மா. அந்த மினுக்கம் இதயத்தின் உட்படலமான அகவிதயத்தினுடையது. தட்டையான கலங்கள் ஒற்றைப் படையாகப் பாவிய தரை அது. இதே தரை இடைவெளியின்றி நாடிகள், மயிர்த்துளைக் குழாய்கள், நாளங்கள் ஊடாக உடல் முழுவதும் தொடர்கிறது. இதற்கு அகவணி என்று பெயர். குருதி அதன்மேல் உறையாமல் வழுக்கி ஓடுவதற்கு வழுவழுப்பு மட்டும் காரணமன்று. உறைதலைத் தடுக்கும் பொருள்களை அந்தக் கலங்கள் ஓயாமல் சுரந்துகொண்டிருக்கின்றன.

குறுக்கே ஓடும் நூல் நரம்பன்று. அதனுள் பெரும்பாலும் இருப்பவை மாற்றமடைந்த தசைக்கலங்களான பேர்கின்ஜே நார்கள். 1839 இல் செம்மறியாட்டின் இதயத்தில் அகவிதயத்துக்குக் கீழே சாம்பல் நிறத்தில் வலைபோல ஓடிய இழைகளை யான் பேர்கின்ஜே கண்டார். அவற்றின் வேலை அவருக்குத் தெரியவில்லை. 1906 இல் யப்பானியரான சுனாவோ தவாரா, அவை சோணையறைக்கும் இதயவறைக்கும் இடையிலுள்ள கணுவிலிருந்து கிளைவிட்டுவரும் ஒரே மரத்தின் நுனிகள் என்று காட்டினார். நுணுக்குக்காட்டியில் இந்தக் கலங்கள் பக்கத்திலுள்ள தசைக்கலங்களைவிடப் பருத்தும் வெளிறியும் தெரியும். சுருங்கும் இழைகள் குறைவு, சேமிப்பு உணவான கிளைக்கோசன் அதிகம். சுருங்குவது அவற்றின் தொழிலன்று, சுருங்கச் சொல்லும் மின்செய்தியை விரைந்து கடத்துவதே தொழில். ஆடு, மாடு போன்ற விலங்குகளில் இவை நன்றாகப் பருத்திருப்பதால்தான் உங்கள் கத்திமுனையில் அகப்பட்டது. அடுத்த முறை அந்த நூலை அறுக்குமுன் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

கேள்வி: இரணைமடுவிலிருந்து பிரதான வாய்க்கால், கிளை வாய்க்கால், வயல் வாய்க்கால் என்று தண்ணீர் பிரிவதுபோலத்தான் இரத்தமும் பிரிகிறது என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தேன். சரிதானே? (விவசாயி, முரசுமோட்டை)

பதில்: பிரிந்து செல்லும் ஒழுங்குக்கு அது சரியான உவமை. எங்கே பிழைக்கிறது என்றால், வாய்க்காலின் சுவர் சும்மா கிடக்கிறது. நாடியின் சுவர் வேலை செய்கிறது.

எல்லா நாடிகளுக்கும் மூன்று படைகள் உண்டு. உட்படையில் அகவணி, நடுப்படையில் மழமழப்பான தசையும் மீள்சக்தி நார்களும், வெளிப்படையில் கொலாஜன் என்ற வலிய நார்ப்புரதம் நிறைந்த தொடுப்பிழையம். எந்தப் படையில் எது எவ்வளவு என்பதில்தான் ஒரு நாடிக்கும் இன்னொரு நாடிக்குமான வேறுபாடு இருக்கிறது. தொகுதிப் பெருநாடியின் விட்டம் ஏறத்தாழ 25 மில்லிமீற்றர். சுவரின் தடிப்பு ஏறத்தாழ 2 மில்லிமீற்றர். அந்த 2 மில்லிமீற்றருக்குள் மீள்சக்தித் தகடுகள் ஏறத்தாழ ஐம்பது, ஒன்றன்மேலொன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. மீள்சக்தி நார்களைக் கறுப்பாக்கும் சாயத்தை ஏற்றிப் பார்த்தால், ஓரத்திலிருந்து ஓரம் வரை அலையலையாகக் கரிய கோடுகள் நிறைந்து நிற்கும். என்னிடமுள்ள வழுக்கிகளில் மிக அழகானது இதுதான்.

இதயம் சுருங்கும்போது வெளியேறும் ஏறத்தாழ 70 மில்லிலீற்றர் குருதியைப் பெருநாடி விரிந்து உள்வாங்குகிறது. இதயம் தளரும்போது அந்தத் தகடுகள் பழைய நிலைக்கு மீண்டு குருதியை முன்னே தள்ளுகின்றன. துருசைத் திறந்தால் பாய்ச்சல், மூடினால் வறட்சி என்று உங்கள் வாய்க்காலில் நிகழ்வது உடலில் நிகழாமல் இருப்பதற்குக் காரணம் இதுவே. இந்த நார்களில் பெரும்பங்கு இளம் வயதிலேயே இடப்பட்டுவிடுகிறது. பிற்காலத்தில் அறுந்தவற்றை உடலால் அதே தரத்தில் புதுப்பிக்க முடிவதில்லை. முதியவர்களில் குருதியழுத்தத்தின் மேல் எண் மட்டும் உயர்ந்து நிற்பதற்கு, விறைத்துப்போன இந்தச் சுவர் ஒரு பெருங்காரணம்.

துருசுக்கு நிகரானது எது என்று கேட்டால் புன்னாடி என்பேன். மயிர்த்துளைக் குழாய்க்குச் சற்று முன்னுள்ள இந்தக் குழாயின் சுவரில் ஒன்றிரண்டு சுற்றுத் தசைக்கலங்கள்தான் உண்டு. ஆனால் அவை சுருங்கிக் குழாயின் ஆரையைப் பாதியாக்கினால், மற்ற நிலைமைகள் மாறாதிருக்க, பாய்ச்சல் பதினாறிலொன்றாகக் குறையும். சாப்பிட்டவுடன் குடலுக்கும் மண்வெட்டி பிடித்தவுடன் தோளுக்கும் கூடுதல் குருதியைத் திருப்பிவிடுவது இந்தத் தசைக்கலங்களே. உங்கள் வாய்க்காலில் அந்த வேலையைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். இங்கே இழையமே தன் தேவையைச் சுவருக்கு அறிவிக்கிறது.

இன்னொன்றையும் பிள்ளைக்குச் சொல்லுங்கள். அத்தனை குருதியும் தன்னுள்ளே ஓடினாலும் பெருநாடியின் சுவரால் அதை முழுமையாகப் பயன்படுத்த முடியாது. உட்புறத்துக்கு மட்டுமே குழாயினுள் ஓடும் குருதியிலிருந்து ஊட்டம் ஊறிப் போய்ச் சேரும். வெளிப்புறச் சுவருக்கென்று தனியாகச் சிறு குருதிக்குழாய்கள் வெளியிலிருந்து நுழைகின்றன.

கேள்வி: முழங்காலுக்குக் கீழே காலை இழந்தவன் நான். காலையில் செயற்கைக் கால் நுழைய மறுக்கிறது. பின்னேரமானால் அதே கால் தளர்ந்து ஆடுகிறது. கால் கட்டை ஒரே நாளில் பெருத்துச் சிறுப்பது எப்படி? (புதுக்குடியிருப்பு)

பதில்: இந்தக் கேள்வியை எழுதியதற்கு நன்றி, தம்பி. உங்களைப் போன்ற பலர் நம் ஊர்களில் இருக்கிறார்கள். செயற்கைக் காலின் பிழை என்றும் தங்கள் உடலின் பிழை என்றும் எண்ணி அவர்கள் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். இரண்டுமே பிழையன்று. இது நிணநீரின் கதை.

மயிர்த்துளைக் குழாயின் விட்டம் ஒரு மில்லிமீற்றரில் நூறிலொரு பங்கு அல்லது அதிலும் குறைவு. செங்குழியம் ஒன்று நசுங்கி நழுவிப் போகும் அகலம். அதன் சுவர் அகவணிக் கலம் ஒரு படையும், அதைச் சுற்றி அடித்தள மென்சவ்வும் மட்டுமே. அந்தச் சுவரினூடாக நீரும் உப்பும், சிறிதளவு புரதமும் எப்போதும் இழையத்துக்குள் கசிந்துகொண்டிருக்கும். கசிந்த புரதத்தைக் குருதிக்குழாய் நேரடியாகத் திரும்ப எடுத்துக்கொள்ளாது. அதை மீட்க உடலுக்கு உள்ள ஒரே வழி நிணநீர்க்குழாய்தான். ஒரு நாளில் ஏறத்தாழ 2 முதல் 3 லீற்றர் நிணநீர் இவ்வாறு சேர்க்கப்பட்டு, கழுத்தின் அடியிலுள்ள பெரிய நாளங்களில் மீண்டும் குருதியோடு கலக்கிறது.

நிணநீர் மயிர்த்துளைக் குழாய் ஒரு முனை மூடிய பை போலத் தொடங்குகிறது. அதன் அகவணிக் கலங்கள், கிடுகு வேய்ந்த கூரையில் ஒரு கிடுகின் ஓரத்தை அடுத்த கிடுகு மூடுவதுபோல, ஒன்றன்மேல் ஒன்று விளிம்பு படியக் கிடக்கின்றன. வெளியிலிருந்து தள்ளினால் விளிம்பு உள்ளே திறக்கும். உள்ளிருந்து தள்ளினால் விளிம்பு மூடிக்கொள்ளும். கலங்களின் வெளிப்புறத்திலிருந்து மெல்லிய நங்கூர இழைகள் சுற்றியுள்ள இழையத்தில் ஊன்றியிருக்கின்றன. இழையம் வீங்கும்போது குழாய் நசுங்கிவிடும் என்றுதானே நினைப்போம்? நடப்பது அதற்கு மாறானது. வீங்கும் இழையம் அந்த இழைகளைப் பிடித்து இழுக்க, குழாயின் வாய் இன்னும் அகலத் திறக்கிறது. இதை முதன்முதலில் படித்த நாளில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நான் நீண்ட நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே போன நீர் மேலேற வேண்டும். பெரிய நிணநீர்க்குழாய்களில் குறுகிய இடைவெளிகளில் வால்வுகளும் சுவரில் மழமழப்பான தசையும் உண்டு. அந்தத் தசை தானே சுருங்கித் தள்ளும். ஆயினும் நடக்கும்போது கால்தசை பிழிந்து கொடுக்கும் உதவி பெரியது. உங்கள் காலில் அந்தத் தசையின் பெரும்பகுதி இல்லை. வெட்டப்பட்ட குழாய்கள் தழும்புக்கூடாகப் புதுவழி தேட வேண்டியும் இருக்கிறது. இரவில் செயற்கைக் காலைக் கழற்றி வைத்ததும் வெளியழுத்தம் நீங்குகிறது, கசிவு தேங்குகிறது, காலையில் கட்டை பெருத்திருக்கிறது. செயற்கைக் காலை மாட்டி நடக்கத் தொடங்கியதும் அதன் கிண்ணம் ஒவ்வோர் அடிக்கும் கட்டையை அழுத்தி விட, நீர் நிணநீர்க்குழாய்களிலும் நாளங்களிலும் ஏறிப் போகிறது. பின்னேரத்தில் தளர்வது அதனால்தான்.

கட்டைமேல் அணியும் துணியுறைகளைக் காலையில் குறைத்து, தளரத் தளர ஒவ்வொன்றாகக் கூட்டி அணிவது வழக்கமான தீர்வு. இரவில் மீள்பட்டி சுற்றலாமா, எவ்வளவு இறுக்கமாகச் சுற்றலாம் என்பதை உங்களுக்குக் கால் பொருத்தித் தந்தவரிடம் நேரில் கேட்டுச் செய்யுங்கள்; பிழையாகச் சுற்றினால் குருதியோட்டமே தடைப்படும். கட்டை சிவந்து, சுட்டு, காய்ச்சலும் சேர்ந்தால் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். தேங்கிய நிணநீரில் கிருமித்தொற்று விரைவாகப் பரவும்.

கேள்வி: புடையன் பாம்பு கடித்தவரை நடக்கவிடக் கூடாது என்கிறார்கள், கயிற்றால் கட்டவும் கூடாது என்கிறார்கள். கடிபட்டது காலில் என்றால் பல்முரசில் இரத்தம் வருவது ஏன்? (முத்தையன்கட்டு)

பதில்: முந்திய பதிலின் தொடர்ச்சியாகவே இதை வாசியுங்கள். நஞ்சிலுள்ள புரதங்களில் பல பருமனானவை. மயிர்த்துளைக் குழாயின் சுவரினூடாக அவை நேரே குருதிக்குள் நுழைவது கடினம். ஆனால் கிடுகுக்கூரை போன்ற நிணநீர்க்குழாய் அவற்றுக்கு வாய் திறந்து கொடுக்கிறது. கடிபட்டவர் வரம்பு வழியே ஓடினால் ஒவ்வோர் அடியும் நிணநீரை மேலே பிழிந்தேற்றும். எனவே காலை அசையாமல் மட்டை வைத்துத் தாங்கி, ஆளைத் தூக்கி, கிடைக்கும் வாகனத்தில் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

கயிற்றால் இறுக்கினால் நாடியே அடைபட்டு, ஏற்கெனவே நஞ்சால் பழுதான தசை ஒட்சிசனும் இல்லாமல் அழுகும் ஆபத்து உண்டு. கீறுவதும் வாயால் உறிஞ்சுவதும் அதைவிடக் கெடுதி, ஏனென்றால் அந்தக் குருதி இனி உறையாது.

உறையாததற்குக் காரணம் இது. புடையன் நஞ்சு, குருதி உறைதலுக்கு வேண்டிய பத்தாவது, ஐந்தாவது காரணிகளைக் குழாய்க்குள்ளேயே வீணாகத் தூண்டி முடித்துவிடுகிறது. கையிருப்புத் தீர்ந்துபோன குருதி, எங்கே சிறு கீறல் இருந்தாலும் நிற்காமல் வழியும். அதே நேரம் நஞ்சிலுள்ள வேறு நொதியங்கள் மயிர்த்துளைக் குழாய்களின் அடித்தள மென்சவ்வைத் தாக்குகின்றன. அகவணி தன் பிடிமானத்தை இழக்கிறது. பல் துலக்கும்போது தினமும் சிறிது காயப்படுவதாலும், நுண்குழாய்கள் மேற்பரப்புக்கு மிக அண்மையில் ஓடுவதாலும் பல்முரசில் முதலில் தெரிகிறது. சிறிது குருதியைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசையாமல் வைத்துச் சரித்துப் பார்ப்பார்களே, அது இந்த உறைதலைத்தான் சோதிக்கிறது. அந்த 20 நிமிடத்தைக் காலதாமதம் என்று நினைத்து வைத்தியசாலையில் சண்டை பிடிக்க வேண்டாம்.

கேள்வி: என் மகளுக்கு வாதக் காய்ச்சல் வந்து இதய வால்வு பழுது என்று சொல்லி மாதாமாதம் பென்சிலின் ஊசி போடுகிறார்கள். தொண்டையில் வந்த நோய் வால்வுக்கு எப்படிப் போனது? ஊசி வால்வைச் சுகப்படுத்துமா? (தாய், நெடுங்கேணி)

பதில்: கிருமி வால்வுக்குப் போகவில்லை, அம்மா. தொண்டையில் வந்த ஸ்ரெப்ரோகொக்கசு என்ற கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கிய பிறபொருளெதிரிகளும் வெண்குழியங்களும், அந்தக் கிருமியின் புரதத்தை ஒத்திருக்கும் வால்வின் பகுதிகளைக் கிருமி என்றெண்ணித் தாக்குகின்றன. வால்வின் இதழ் ஒரு மில்லிமீற்றரிலும் மெல்லியது. நடுவே கொலாஜன் நாரும் பசைபோன்ற பொருளும், இருபுறமும் அகவணியும் கொண்டது. நலமாயிருக்கும்போது அதனுள் குருதிக்குழாய்கள் ஏறக்குறைய இல்லை. கழுவிச்செல்லும் குருதியிலிருந்தே ஊட்டம் எடுத்துக்கொள்கிறது. அழற்சி வந்தால் இதழ்கள் ஒன்றோடொன்று மூடும் விளிம்பில் மருப்போன்ற சிறு மணிகள் தோன்றும். புதுக்குழாய்கள் உள்ளே முளைக்கும். ஆறும்போது இதழ் தடித்து, ஓரங்கள் ஒட்டி, அதைப் பிடித்திருக்கும் நாண்கள் குட்டையாகும். இதே நோயில் இதயத்தசைக்குள்ளும் வெண்குழியங்கள் சிறு முடிச்சுகளாகத் திரளுவதை 1904 இல் லூட்விக் அஷோவ் விவரித்தார். மேலே சொன்ன தவாரா பணியாற்றியது அவருடைய ஆய்வுகூடத்தில்தான்.

உண்டான தழும்பை ஊசி மாற்றாது. அடுத்த தொண்டைத் தொற்று வராமல் தடுத்து, அதே வால்வு மறுபடி தாக்கப்படாமல் காப்பதே ஊசியின் வேலை. மகள் ஓடியாடி நலமாகத் தெரிகிறாள் என்பதற்காக ஒரு மாதத்தையும் தவறவிடாதீர்கள். எத்தனை வயதுவரை போட வேண்டும் என்பதை அவளைப் பார்க்கும் மருத்துவர்தான் முடிவுசெய்ய வேண்டும்.

கேள்வி: வயலில் காலில் முள் குத்தினால் தொடை இடுக்கில் நெறி கட்டுவது ஏன்? (துணுக்காய்)

பதில்: காலிலிருந்து ஏறும் நிணநீர் அங்கேயுள்ள நிணநீர்க் கணுக்களினூடாக வடிக்கப்பட்டே மேலே போகிறது. அவரை விதை போன்ற கணுவின் குவிந்த பக்கத்தால் பல சிறு குழாய்கள் நுழைகின்றன. குழிந்த பக்கத்தால் ஓரிரு குழாய்களே வெளியேறுகின்றன. உறைக்குக் கீழேயுள்ள இடைவெளியில் நிணநீர் வேகம் குறைந்து, வலைபோன்ற நார்களுக்கிடையே ஊறிச் செல்லும்போது, அங்கே காத்திருக்கும் விழுங்கும் கலங்கள் கிருமிகளைப் பிடித்துக்கொள்கின்றன. அதற்கு உள்ளே வெண்குழியங்கள் உருண்டைத் திரள்களாக அமர்ந்திருக்கும். தமக்குரிய கிருமியின் துண்டு கிடைத்ததும் அந்தத் திரளின் நடுவே பிரிவு தொடங்கும். சாயமேற்றிய துண்டில் அந்த நடுப்பகுதி வெளிறிய வட்டமாகத் தெரியும். கலங்கள் பெருகப் பெருகக் கணு பருத்து, அதன் உறை இழுபடுவதால் வலி எடுக்கிறது. நெறி கட்டியிருந்தால் உங்கள் உடல் வேலை செய்கிறது என்றுதான் பொருள். முள்ளை எடுத்துப் புண்ணைக் கவனியுங்கள், ஏற்புத் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று பாருங்கள், நெறியைத் தேய்க்காதீர்கள். புண்ணும் இல்லாமல் வலியும் இல்லாமல் கல்லுப்போல ஒரு கணு வாரக்கணக்கில் இருந்தால், அது கழுத்திலோ கமக்கட்டிலோ எங்கிருந்தாலும், மருத்துவரிடம் காட்டியே ஆகவேண்டும்.

கேள்வி: எனக்கு 71 வயது. பிறந்தபோதிருந்த அதே இதயக் கலங்களா இன்னும் துடிக்கின்றன? (வவுனியா)

பதில்: பெரும்பகுதி அவையே, ஐயா. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வளிமண்டலத்தில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் காபன் 14 என்ற கதிரியக்கக் காபன் கூடியது. பின்னர் படிப்படியாகக் குறைந்தது. கலம் ஒன்று உருவான காலத்து அளவு அதன் டி.என்.ஏ.யில் பதிந்துவிடும். அதை அளந்து, இதயத்தசைக் கலங்கள் 25 வயதில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சதவீதமும் 75 வயதில் 0.45 சதவீதமும் புதுப்பிக்கப்படுகின்றன என்று 2009 இல் சுவீடன் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். உங்கள் வயதுள்ளவர்களின் இதயத்தசையில் கருவின் இரு முனைகளிலும் மஞ்சட்பழுப்பு நிறத் துகள்கள் சேர்ந்திருக்கும். கலம் தன்னுள்ளே செரித்து முடித்த பின் எஞ்சிய அடையல் அது, நோயன்று.

கேள்வி: எங்கள் பாடசாலையில் ஒரு நுணுக்குக்காட்டி இருக்கிறது, ஆனால் வழுக்கிகள் இல்லை. குருதி ஓடுவதை உயிரோடு பார்க்க வழி உண்டா? (மாணவன், மல்லாவி)

பதில்: உண்டு, வழுக்கியே தேவையில்லை. 1628 இல் குருதி சுற்றி வருகிறது என்று வில்லியம் ஹாவி எழுதியபோது, நாடியையும் நாளத்தையும் இணைக்கும் குழாயை அவர் கண்டதில்லை. 1661 இல் மார்செல்லோ மல்பீகி தவளையின் நுரையீரலில் அதைக் கண்டார். நீங்கள் எந்த உயிரையும் வெட்ட வேண்டியதில்லை. நுளம்புக் குடம்பிகளை உண்ண விடும் சிறிய கப்பி மீன் ஒன்றைக் கிணற்றுத் தண்ணீரோடு எடுத்து வாருங்கள். தலையையும் உடலையும் நன்றாக நனைத்த பஞ்சால் மூடி, ஒரு சிறு கண்ணாடித் தட்டில் கிடத்தி, வாலை மட்டும் விரித்து ஒரு துளி நீரிட்டு, முதலில் மிகக் குறைந்த உருப்பெருக்கத்தில் பாருங்கள்.

வாலின் கதிர்களை ஒட்டி ஒரு குழாயில் குருதி துடித்துத் துடித்துப் போவது தெரிந்தால் அது நாடி. துடிப்பின்றி ஒரே சீராகத் திரும்பி வந்தால் நாளம். இரண்டுக்கும் நடுவே, வால் நுனிப் பக்கமாக, செங்குழியங்கள் ஒற்றை வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக வளைந்து நெளிந்து போகும் வழியைத் தேடுங்கள். அங்கே சுவரைக் காண முடியாது, அவ்வளவு மெல்லியது. கலங்கள் போகும் தடத்தைக் கொண்டுதான் சுவர் இருப்பதை அறிய வேண்டும். மீனின் செங்குழியம் நம்முடையதைப் போல வட்டமன்று, நீள்வட்டம். உள்ளே கருவும் உண்டு. மூன்று நிமிடத்துக்கு மேல் வைத்திருக்காதீர்கள். பஞ்சை இடையிடையே நனையுங்கள். பார்த்து முடிந்ததும் மீனைக் கிணற்றிலேயே விட்டுவிடுங்கள். எந்தக் கதிருக்குப் பக்கத்தில் எதைப் பார்த்தீர்கள் என்று பென்சிலால் வரைந்து எனக்கு அனுப்பி வையுங்கள்.